போகிற பாதி, இருக்கிற பாதி

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் என்னை என் ஸீட்டில் பார்க்க முடியாது.

துபாய் ஆபீஸ்களில் இப்போது புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வேலையை விட்டு அனுப்பப் போகிறவர்களை வியாழக்கிழமை மதியம்தான் கூப்பிடுகிறார்கள். வெள்ளி, சனி லீவு. அழுது முடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நல்லெண்ணமோ என்னவோ... டெஸ்க் போன் அடிக்கும். எச்.ஆரிலிருந்து ஒரு பெண் மிக மரியாதையாக, "அஞ்சு நிமிஷம் மேலே வர முடியுமா?" என்பாள். அவ்வளவுதான் — கலாஸ்.

போன் அடிக்கும்போது ஆள் ஸீட்டில் இல்லாவிட்டால்? அந்த வாரம் தப்பித்துவிடலாம் என்பது என் கணக்கு. நான் ஏ.சி. டிசைன் எஞ்சினியர். ஒரு மாலுக்கு எத்தனை டன் குளிர் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவள். அந்தக் கணக்குகள் இதைவிடக் கொஞ்சம் தேவலை என்று நம்புங்கள்.

ஒளிந்துகொள்ள நான் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் கட்டடத்தின் பின்பக்க பார்க்கிங். அங்கே ஏ.சி.யிலிருந்து தண்ணீர் வடியும் டிரெயின் பைப் ஒன்று பாதியில் கழன்று நிற்கிறது. சொட்டுச் சொட்டாக வடிந்து, கான்க்ரீட்டில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் குட்டை. வேறு யாராவது டிசைன் செய்த பில்டிங்காக இருந்தால் ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, அந்தக் குட்டையின் ஓரத்தில் ஒரு வாலாட்டிக் குருவி. வெள்ளை முகம், கறுப்புத் தொண்டை, சாம்பல் முதுகு. நாலு அடி ஓடும், நிற்கும், வாலை மேலும் கீழும் ஆட்டும். மறுபடி ஓடும். பதற்றமான ஜீவன்தான். எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது.

"இது இந்நேரம் கிளம்பியிருக்கணுமே" என்றான், பின்னாலிருந்து ஆலன்.

ஆலன் எங்கள் ஆபீஸில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். இங்கிலாந்துக்காரன். என்னைவிட வயதில் சின்னவன். வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் பீச்சுக்குப் போனால், இவன் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கழிவுநீர்ப் பண்ணைக்குப் போவான். பறவை பார்க்கவாம். அன்றைக்குக் கையில் சாண்ட்விச்சோடு வந்திருந்தான். எதற்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. மணி மூன்றரை. அவனுக்கும் ஒரு டெஸ்க் போன் இருக்கிறது.

"எங்கே கிளம்பணும்?"

"வடக்கே. ரஷ்யப் பக்கம் எங்கேயாவது. அக்டோபரில் வரும், மார்ச்சில் போக ஆரம்பிக்கும். இப்ப ஏப்ரல். இன்னும் கொஞ்ச நாள்ல இந்தத் தரை தோசைக்கல் ஆயிடும்." தோசைக்கல் என்பது என் மொழிபெயர்ப்பு. அவன் வேறு ஏதோ சொன்னான்.

"போகலைன்னா?"

"போயிடும். எல்லாம் போயிடும். ரஷ்யாவில் குளிர் ஆரம்பிச்சா எல்லா வாலாட்டியும் கிளம்பிடும். அங்கே யாரும் யோசிக்கிறதில்லை. எங்க ஊர் மாதிரி இடத்தில்தான் குழப்பம்."

என்ன குழப்பம்?

அவன் ஊரில் குளிர் உண்டு. ஆனால் கொல்லும் குளிரா, தாங்கும் குளிரா என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் ஒரே இனத்தில், ஒரே வேலியில் வளர்ந்த குருவிகளில் பாதி தெற்கே போகும், பாதி அங்கேயே இருக்கும். அவன் வீட்டுத் தோட்டத்து ராபின்களைச் சொன்னான் — நெஞ்சு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் குட்டிப் பறவை. ஒரே கூட்டில் பொரித்த இரண்டில் ஒன்று ஸ்பெயினுக்குப் போய்விடும். இன்னொன்று அதே வேலியில் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர்ப் பறவை ஆர்வலர்கள் இதைப் பகுதி வலசை என்கிறார்கள்.

"எது புத்திசாலி?" என்றேன். எஞ்சினியருக்கு விடை வேண்டும்.

"குளிர் கடுமையா இருந்தா போனது புத்திசாலி. இருந்தது செத்துப்போகும். குளிர் சுமாரா இருந்தா இருந்தது புத்திசாலி. வசந்தம் வரும்போது நல்ல இடமெல்லாம் அதுகிட்ட இருக்கும். போனது களைச்சுப்போய் வந்து இடம் தேடும்."

"சரி, குளிர் எப்படி இருக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஆலன் சாண்ட்விச்சை மென்று முடித்தான். "தெரியாது. அக்டோபர்ல யாருக்கும் தெரியாது."

நான் மாடிக்குத் திரும்பியபோது போன் அடித்திருக்கவில்லை. ஆனால் மனசு அந்தக் குட்டையிலேயே நின்றுவிட்டது. காரணம் வீட்டில் இருந்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கணவர் செல்வாவைத் தெரியும். குக்கருக்கு சேஃப்டி வால்வ் வாங்க சத்வாவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கியவர். பம்ப் எஞ்சினியர். அவருக்குப் போன், அதற்கு முந்தைய வியாழக்கிழமை அடித்துவிட்டது.

இங்கே வேலை போனால் "வேலை போச்சு" என்று யாரும் சொல்வதில்லை. "கேன்சல் பண்ணிட்டாங்க" என்பார்கள். விசாவைத்தான் சொல்கிறார்கள். கேட்பதற்கு ஆளையே கேன்சல் செய்த மாதிரி இருக்கும். கேன்சல் ஆனபின் ஒரு மாத அவகாசம். அதற்குள் வேறு விசா மாற வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

செல்வா அன்று வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றி, "டீ இருக்கா?" என்றார். அந்த இரண்டு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்பது எப்போதும் காபி.

அடுத்த நாளே நான் லிஸ்ட் போட ஆரம்பித்துவிட்டேன். பயம் வந்தால் எனக்குக் கை தானாக எக்ஸெலைத் திறக்கும். ஃபிரிட்ஜை யாருக்குக் கொடுப்பது, கட்டிலை என்ன செய்வது, எந்தப் பாத்திரத்தை கார்கோவில் போடுவது, ராஜினாமாக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது...

எங்கள் கட்டடத்தில் இந்த வருஷம் எல்லா வீட்டிலும் நடந்தது இதுதான். மார்ச் பரீட்சை முடிந்ததும் அம்மாக்களும் பிள்ளைகளும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆண்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெட்ஸ்பேஸ் — அதாவது வாடகைக்கு ஒரு கட்டில் இடம் — பார்த்து, ஒரு ரூமில் ஆறு பேராக அடைந்துகொண்டார்கள். வேலை இருப்பவர் செலவைக் குறைக்க. வேலை இல்லாதவர் விசிட் விசாவில் சுற்றி வேலை தேட. மாடிப்படியில் சைக்கிள் இல்லை, ஸ்கூல் ஷூ இல்லை. லேம்ப் போஸ்ட்டில் மட்டும் புதுப்புது நோட்டீஸ் — 'எக்ஸிக்யூட்டிவ் பேச்சிலர் தேவை'. மூன்று பிள்ளை பெற்ற அப்பாவும் இங்கே குடும்பத்தை அனுப்பிவிட்டால் பேச்சிலர்தான்.

ஆலனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு குருவிக்கு லத்தீன் பெயரே பிரம்மச்சாரி என்று அர்த்தம் வருமாம். வடக்கே குளிர்காலத்தில் பெட்டையெல்லாம் தெற்கே போய்விட, சேவல்கள் மட்டும் தனியாகத் திரிவதைப் பார்த்து வைத்த பெயர். பெரும்பாலும் அப்படித்தானாம். போவது பெண்ணும் குஞ்சும். இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பது ஆண்.

செல்வாவுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்தது. "பாத்தியா, இயற்கையே அப்படித்தான். நீ ஊருக்குப் போ. நான் விசிட்ல மாறி ஒரு கை பாக்குறேன்."

நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால்... போவது என்று முடிவானதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இனி வியாழக்கிழமை கிடையாது. போன் கிடையாது. ராஜினாமாக் கடிதம் டிராஃப்ட்டில் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 'சென்ட்' தட்ட வேண்டியதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை கார்கோ பேக்கிங். எதிர் ஃபிளாட் ஜொஹரா லாத்தா உதவிக்கு வந்திருந்தார். கீழக்கரைக்காரர்; அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். அவர் கணவர் சத்வாவில் தையற்காரர்களுக்கு லேஸ், பட்டன் விற்கும் கடை வைத்திருக்கிறார். லாத்தாவும் பிள்ளைகளும் அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். அட்டைப்பெட்டி கட்டுவதில் இந்தக் கட்டடத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அடியில் போர்வை, நடுவில் பால் பவுடர் டின், ஓரமெல்லாம் துணி. கட்டி முடித்ததும் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, உடல் எடையாலேயே மூடிவிடுவார்.

"எங்க ஊர்ல காலங்காலமா ஆம்பளதான் கப்பலேறும், பொம்பள வீட்டுல இருக்கும்" என்றார், பெட்டிமேல் உட்கார்ந்தபடி. "எங்க குடும்பத்துல முதமுதல்ல பறந்து வந்த பொம்பள நான்தான். வந்து என்னத்தக் கண்டேன்? நாலு சுவரும் லிஃப்ட்டும். இப்ப திரும்பவும் பழையபடிக்கே போறேன்."

"கவலையா இருக்கா லாத்தா?"

"எனக்கென்ன கவலை. எங்க மச்சானுக்குத்தான் சோறாக்கத் தெரியாது. அந்த ரூம்ல இருக்கிற மத்த அஞ்சு பேரை நினைச்சாத்தான் கவலை."

அப்போது கார்கோ ஆள் வந்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். பெட்டிகளை எடை போட்டு, மார்க்கர் பேனாவை எடுத்து, என் பெயரைக் கேட்டு எல்லாப் பெட்டியிலும் பெரிதாக எழுதினான். பிறகு, "பாஸ்போர்ட் காப்பி, விசா பேஜோட குடுங்க மேடம். கேன்சல் ஸ்டாம்ப் தெரியணும். ஒரேயடியா ஊருக்குப் போறவங்கன்னா கஸ்டம்ஸ்ல தொந்தரவு கம்மி."

என் காப்பியைக் கொடுத்தேன். பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"இதுல கேன்சல் ஆகலையே மேடம்."

"ஆகலை. அவருக்குத்தான் ஆயிருக்கு" என்று செல்வாவைக் காட்டினேன்.

"அப்ப போறது சாரா?"

"இல்ல. அவங்க" என்று செல்வா என்னைக் காட்டினார்.

பையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான். பேனா மூடியை மெதுவாகப் போட்டான்.

வேலை போனது அவருக்கு. பெட்டி கட்டியது எனக்கு.

இரண்டு எஞ்சினியர்கள். தினமும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். செல்வாவின் அம்மா, என் அத்தை, மதுரையிலிருந்து போன் செய்து எந்த ஃபிளைட் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பக்கத்து வீடுகளில் எனக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. குடும்பத்தில் ஒரு கேன்சல் என்றால் மனைவி கிளம்புவாள். யாருடைய விசா என்று யார் பார்த்தது?

முதலில் சிரித்தது ஜொஹரா லாத்தா. பெட்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நல்லாப் பாத்துக் கட்டினேன் போ. யா அல்லாஹ், இதுல முழுக்க இவ சேலைல்ல இருக்கு."

கார்கோ பையனை நாளை வரச் சொன்னோம். லாத்தா போனபின் வீடு அமைதியாகிவிட்டது. செல்வா பால்கனிக் கதவருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியும்ல?" என்றார். "என்னைச் சங்கடப்படுத்த வேணாம்னு விட்டுட்ட."

"சத்தியமா இல்ல. எனக்கும் தோணலை." கொஞ்சம் யோசித்துவிட்டு மீதியையும் சொன்னேன். "தோணவிடலைன்னு நினைக்கிறேன். போறதுன்னா பயம் போயிடும்ல."

"எனக்கு அப்படியே தலைகீழ்" என்றார். "இங்க இருக்கிறதுன்னா பயமில்லை. ரூம்ல எல்லாரும் என்னை மாதிரிதான். ஊருக்குப் போனாத்தான்... தெருவில கால் வெச்சதும் ரெண்டு கேள்வி. எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க? முதல் கேள்விக்குப் பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு என்ன சொல்ல? சம்சாரம் கூப்பிடும்போதுன்னா?"

சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடிய நேரமில்லை என்பதால் அடக்கிக்கொண்டேன். அவரும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

எக்ஸெலைத் திறந்தேன். இருப்பது, போவது என்று ஏற்கெனவே ஒரு ஒப்பீடு போட்டிருந்தேன். பாதுகாப்பு, வருமானம், அத்தையின் மனநிலை, என் மனநிலை — ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. 'போவது' ஜெயித்திருந்தது. இப்போது நிதானமாகப் பார்த்தால், என் மனநிலைக்கு நானே அள்ளிக் கொடுத்திருந்தேன். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போடுவது... கல்லூரி லேபில் எல்லோரும் செய்ததுதான். அங்கே தப்பித்தால் மார்க். இங்கே?

இங்கே பெண் எஞ்சினியராக இருந்தால் கணவனுக்கு ஸ்பான்சர் செய்ய வழி இருக்கிறது. என் விசாவில் அவர் வரலாம். பாஸ்போர்ட்டில் 'வேலை செய்ய அனுமதி இல்லை' என்று அடித்துத் தருவார்கள். இதுவரை நான் பார்த்த அத்தனை இல்லத்தரசிகளின் பாஸ்போர்ட்டிலும் இருக்கும் அதே வரி. அந்த விசா இருந்தால் அவர் ஊருக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் திரும்பிக் கால் வைத்தால் விசா செத்துப்போகாது. இதற்கிடையில் கோயம்புத்தூரில் அவருடைய பழைய சீனியர் ஒரு பம்ப் கம்பெனி வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். செல்வாதான் பிடிகொடுக்காமல் இருந்தார்.

"நானா, நீயான்னு பார்த்தா, ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கிறது ரிஸ்க்" என்றேன். "இங்க எனக்குப் போன் அடிச்சா, அங்க நீங்க இருப்பீங்க. அங்க சரிவரலைன்னா இங்க நான்."

"இதையும் அந்த வெள்ளைக்காரன் குருவிதான் சொல்லிக் குடுத்துச்சா?"

"குருவி ஒண்ணும் சொல்லலை. அதுக்கே தெரியாதாம்."

"பொம்பளக் குருவி எங்கயாவது தங்குமா? கேட்டியா?"

கேட்டிருந்தேன். எல்லாப் பெட்டைகளும் போய்விடுவதில்லை. சில ராபின் பெட்டைகள் தங்கிவிடும். தங்கும்போது சேவலை ஒட்டிக்கொண்டு இருக்காது. தனக்கென்று ஒரு இடம் பிடித்து, அதைக் காக்கும். மற்றப் பறவைகளில் பெரும்பாலும் சேவல்தான் பாடும். ஆனால் குளிர்காலத்தில் இந்தப் பெட்டையும் வேலிமேல் உட்கார்ந்து பாடும். அழகுக்கு இல்லை. இது என் இடம், கிட்ட வராதே என்பதற்கு.

செல்வா உள்ளே போய் மார்க்கர் பேனா தேடினார். என் பெயரை அடித்துவிட்டு, பெட்டிகளில் தன் பெயரை எழுதினார். "சேலையை வெளிய எடு. கஸ்டம்ஸ்ல பிரிச்சா என்னைத்தான் ஒரு மாதிரி பாப்பான்" என்றார்.

அத்தைக்குப் போன் செய்ததுதான் கஷ்டமான பகுதி. "பொம்பளப் பிள்ளையத் தனியா விட்டுட்டு நீ மட்டும் வர்றியாடா?" என்று அத்தை கேட்டது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "அவகிட்டதாம்மா விசா இருக்கு" என்றார் செல்வா. பிறகு அத்தை கேட்டார்: "அப்ப உனக்கு அவதான் ஸ்பான்சரா?"

அதிலிருந்து நான் வீட்டில் கஃபீல் — ஸ்பான்சருக்கு அரபியில் அதுதான் பெயர். "கஃபீல் மேடம், டீ போடட்டுமா?" "கஃபீல் மேடம், வெளிய போயிட்டு வர பர்மிஷன் உண்டா?" கேலிதான். கேலிக்குக் கீழே என்ன இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஸ்டாம்ப் அடித்து வந்த பாஸ்போர்ட்டை அவர் ஒரே ஒருமுறை திறந்து பார்த்தார். அந்த வரியைத் தடவிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

போன புதன்கிழமை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் இப்போது ஒரு ரூமில் நான், இன்னொரு ரூமில் வாடகைக்கு வந்திருக்கும் இரண்டு நாகர்கோவில் நர்ஸ்கள். லாத்தாவும் கிளம்பிவிட்டார். எதிர் ஃபிளாட்டின் கதவில் உணவக விளம்பரத் தாள்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

எது சரியான முடிவு? எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் வேலை போயிருந்தால் எல்லோரும் கிளம்பியிருப்போம். ஒருவருக்கும் போகாவிட்டால் எல்லோரும் இருந்திருப்போம். பாதிக்குப் போய்ப் பாதிக்கு இருக்கும்போதுதான் இந்த அவஸ்தை. யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. என் அண்ணன் மதுரையில் இருந்துகொண்டான், நான் வந்துவிட்டேன். மாடி ரூம் இப்போது அவனுக்கு. போகிறபோதெல்லாம் நான் ஹாலில் படுக்கிறேன்.

இந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் கீழே போகவில்லை. ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். டிராஃப்ட்டிலிருந்த கடிதத்தை டெலீட் செய்தேன். ஒரு டிராயிங்கை விரித்து வைத்து, ஒரே ஏ.சி. டக்ட்டைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன்.

மூன்றரைக்குப் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து ஸீட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். எடுத்தேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"நான்தான் — ஆலன். கீழே பார்க்கிங்கிலிருந்து. வாலாட்டியைக் காணோம். காலையிலிருந்து பார்க்கிறேன். போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

இனி என்னை மொபைலில் கூப்பிடக் கற்றுக்கொள்ளும்படி, எனக்குத் தெரிந்த மிக நல்ல ஆங்கிலத்தில் அவனைக் கேட்டுக்கொண்டேன்.

மாலையில் மெயின்டனன்ஸ்காரர்கள் வந்து, பின்பக்க டிரெயின் பைப்பைச் சரிசெய்துவிடலாமா என்று கேட்டார்கள். அக்டோபர் வரை கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்... எஞ்சினியராக அது தப்பு. தெரியும்.